உலகத்தில் இல்லாத டிஸ்க்

அத்தியாயம் 6

பதினைந்து என்ற ஒரு வார்த்தையைக் கொண்டுவருவதற்காகப் புவனேஸ்வரி திருச்சி ஜெயிலில் மனு போட்டு, நான்கு மணி நேரம் காத்திருந்து, ஏழு நிமிடம் புருஷனைப் பார்த்துவிட்டு, நேராகப் பெரம்பலூர் பஸ் ஏறி வந்திருந்தாள்.

"கம்பிக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நானு. ரெண்டு பக்கமும் ஆளுங்க கத்துறாங்க. என் காதுல விழுந்தது இவ்வளவுதாங்கக்கா. 'பதினஞ்சுக்கு மேல தாங்காதுன்னு ஆடி மாசமே சொன்னேன். பதினாறு குடுத்துட்டாங்க. கமலவேணி அக்காகிட்ட போய்ச் சொல்லு.' அதுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க."

பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், மோட்டார் ரீவைண்டிங் கடை மாடியில் இருந்தது கமலவேணியின் துப்பறியும் ஆபீஸ். அவளுக்கு வயது நாற்பத்தாறு. பதினெட்டு வருஷம் போலீசில் இருந்தவள். ஒரு கேஸில் உண்மையைச் சொல்லப் போய் மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். அவளுக்கு உதவியாள் செல்லப்பன். ஐம்பத்திரண்டு வயதுக்காரர். பெரம்பலூர்-அரியலூர் தனியார் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் கண்டக்டராக நின்று, முழங்கால் தேய்ந்ததும் இங்கே வந்து உட்கார்ந்தவர். உட்கார்ந்தது கால்தான். வாய் உட்காரவில்லை.

"பதினஞ்சு சீட்டு வண்டியில பதினாறு பேரு ஏத்துனா அது ஆர்டிஓ கேஸுங்க மேடம். அதுக்கெல்லாம் பத்தொம்பது நாள் உள்ள வைக்க மாட்டாங்களே" என்றார் செல்லப்பன்.

புவனேஸ்வரி சிரிக்கவில்லை. கமலவேணிக்கும் சிரிப்பு வரவில்லை.

கேஸ் அப்படி. ரெட்டிபாளையத்துக்கு அப்பால், கல்லேரிப்பட்டி சுற்றுவட்டாரத்தில், வெண்மலை சிமெண்ட் ஆலை சுண்ணாம்புக்கல் வெட்ட நிலம் வாங்கியது. அறுநூற்று நாற்பது குடும்பங்கள் முந்திரிக்காட்டைக் கொடுத்தன. வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று ஆலை கடிதம் கொடுத்தது. போன வருஷம், 2005 ஆவணியில், கடிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்திரப்படுத்துகிறோம் என்று எல்லோரிடமும் திரும்ப வாங்கியது. ஏற்றும் வேலையை அரியலூரில் சுடர் டேட்டா சென்டர் என்ற சின்னக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஏற்றி முடிந்த தாள்களை ஆலை தன் கிடங்கில் போட்டது. ஐப்பசி மழையில் கிடங்கு ஒழுகி, தாள் எல்லாம் கூழாகிவிட்டது.

இந்தச் சித்திரையில் வேலைக்கு ஆள் எடுக்க கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். நாற்பது கடிதம் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் வெறுமை.

சுடரில் வேலை பார்த்த புவனேஸ்வரியின் புருஷன் அரவிந்தனின் அப்பாவும் நிலம் கொடுத்தவர்தான். அது புறம்போக்கு என்று சொல்லி அவருக்குக் கடிதமே தரவில்லை. ஆலை வாசலில் நின்று "ஒருத்தனுக்கும் வேலை கெடைக்காம பண்றேன் பாரு" என்று அரவிந்தன் கத்தியதை ஐம்பது பேர் கேட்டிருந்தார்கள். போலீஸ் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஆத்திரத்தில் அழித்துவிட்டான் என்று பிடித்துக்கொண்டு போனது.

"வாங்கண்ணே, அரியலூர் போவோம்" என்று எழுந்தாள் கமலவேணி. "புவனா, நீ வூட்டுக்குப் போயிச் சாப்புடு. ஒரு எண்ணு கெடைச்சிருக்கு. எண்ணு பொய் சொல்லாது."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று இரண்டு நாள் கழித்து நினைத்துக்கொண்டாள்.

*

சுடர் டேட்டா சென்டரின் முதலாளி ஊரில் இல்லை. கைது நடந்த மறுநாளே கோயம்புத்தூர் போனவர் இன்னும் திரும்பவில்லை. பூங்குழலி மட்டும் இருந்தாள். அரவிந்தனோடு ஒரே மேஜையில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள். 'பதினஞ்சு' என்றதும் அவள் முகம் மாறிற்று.

"சொல்றேங்க மேடம். ஆனா கொஞ்சம் பொறுமையா கேக்கணும்."

"இருபத்திரண்டு வருஷம் சில்லறைச் சண்டை கேட்ட காது இது. சொல்லும்மா" என்றார் செல்லப்பன்.

"நாங்க ரெண்டு வேலை பாக்குறோம். ஒன்னு ஸ்கேனிங். இன்னொன்னு, பெங்களூர்ல ஒரு கம்பெனி எழுதுற சாஃப்ட்வேரை டெஸ்ட் பண்ணிக் குடுக்குறது. வர்ச்சுவல் மெஷின்னு பேரு. ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் இருக்குற மாதிரி காட்டும். உள்ள இருக்குறது தனக்குன்னு தனியா ஒரு டிஸ்க் இருக்குன்னு நம்பிக்கிட்டு இருக்கும். நெஜத்துல அது வெளிய இருக்குற டிஸ்க்ல ஒரு மூலை."

"கூட்டுக் குடும்பத்துல தனிக்குடித்தனம்."

"அதேதாங்க சார். இப்ப, ஊர்ல எத்தனையோ விதமான டிஸ்க் இருக்கு. ஒன்னு ஒரு தடவைக்கு நூறு துண்டு தகவல் வாங்கும். இன்னொன்னு பத்துதான் வாங்கும். எல்லாத்தையும் வாங்கி வச்சு டெஸ்ட் பண்ண முடியுமா? அதனால அரவிந்தன் ஒரு புரோகிராம் எழுதினாரு. பொய் டிஸ்க்னு சொல்லுவோம். நெஜ டிஸ்க்குக்கு முன்னாடி வாட்ச்மேன் மாதிரி நிக்கும். நாம என்ன எண்ணு சொல்லிக் குடுக்குறமோ, 'எனக்கு ஒரு தடவைக்கு இவ்வளவுதான்'னு அதைச் சொல்லும். சாஃப்ட்வேர் அந்தப் பேச்சைக் கேட்டு நடக்குதான்னு பாக்கணும். அதான் டெஸ்ட்."

"அவரு என்ன எண்ணு வச்சாரு?" என்று கேட்டாள் கமலவேணி.

"எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, இதெல்லாம் எல்லாரும் வச்சுப் பாப்பாங்க. இவரு பதினஞ்சு வச்சாரு. ஏன் சார்னு கேட்டேன். 'வேற யாரும் வைக்க மாட்டாங்க, அதான்'னாரு. வச்ச அன்னிக்கே சாஃப்ட்வேர் மாட்டிக்கிச்சு. பதினஞ்சுதான்னு டிஸ்க் சொல்லியும் பதினாறா பதினாறா தூக்கிக் குடுத்துது. மட்டமான டிஸ்க் என்ன பண்ணும்னா, முடியாதுன்னு சொல்லாது. பதினஞ்சை வச்சுக்கிட்டு ஒன்னைக் கீழ போட்டுட்டு, எல்லாம் வந்துடுச்சுன்னு சொல்லிடும். அந்தக் குணத்தையும் சேத்துதான் எழுதியிருந்தாரு."

"பெங்களூருக்குச் சொன்னாரா?"

பூங்குழலி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். போன வருஷம் ஆடி மாதம் வந்த ஈமெயில். இரண்டே வரி. பதினைந்து என்று எல்லை வைத்த டிஸ்க் உலகத்தில் எங்கும் தயாரிக்கப்படுவதில்லை என்றும், ஆகவே இந்தப் புகார் மூடப்படுகிறது என்றும் ஆங்கிலத்தில் இருந்தது.

கமலவேணி மொழிபெயர்த்துச் சொன்னதும் செல்லப்பன், "உலகம் பூரா நடந்து பாத்துட்டு வந்து எழுதுன மாதிரியில்ல இருக்கு" என்றார்.

"சரி, கடிதமெல்லாம் எந்த டிஸ்க்ல ஏத்துனீங்க?"

"ஆவணியில முதலாளி சென்னையிலேருந்து ஒரு பழைய டிஸ்க் பெட்டி வாங்கியாந்தாரு. பேரு தெரியாத கம்பெனி. இதே சாஃப்ட்வேரை வச்சு அதுலதான் ஏத்துனோம். ஒரு கடிதத்துக்கு ஒரு துண்டு."

"அந்தப் பெட்டி எங்க?"

"கடிதம் காணும்னதும் முதலாளி கோவத்துல கடைக்காரனுக்கே திருப்பி அனுப்பிட்டாரு."

செல்லப்பன் அங்கேயே போனைப் போட்டார். கடைக்காரர் மறுபக்கம் நன்றாகவே பேசினார். கேட்டுவிட்டுச் செல்லப்பன் போனை மெதுவாக வைத்தார். "பிரிச்சு பார்ட் பார்ட்டா வித்தாச்சாம் மேடம். மூடி மட்டும் இருக்காம். வேணுமான்னு கேக்குறாரு."

கமலவேணி விடவில்லை. "பெட்டி போகட்டும். அந்தப் பெட்டிக்கும் பதினஞ்சுதான் தாங்கும்னா, காணாமப் போனது பதினாறாவது, முப்பத்திரண்டாவதுன்னு ஒழுங்கா இருக்கணுமே? அறுநூத்தி நாப்பதைப் பதினாறால வகுத்தா நாப்பது. காணாமப் போனதும் நாப்பது."

"நானும் அப்படித்தாங்க நெனைச்சேன். ஆலை ரிஜிஸ்டரை வச்சுப் பாத்தேன். மூணு, ஏழு, அம்பத்தெட்டு, அம்பத்தொம்பது, நூத்திப் பன்னெண்டு... தாறுமாறா இருக்கு." பூங்குழலி தலையைக் குனிந்துகொண்டாள். "அதுக்கப்புறம் அவரே செஞ்சிருப்பாரோன்னு எனக்கே தோணிடுச்சுங்க மேடம்."

*

மறுநாள் கல்லேரிப்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் போய் இறங்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. லாரிகள் போன தடத்தில் வெள்ளைத் தூசி இன்னும் அடங்காமல் நின்றது. கடிதம் காணாமல் போன நாற்பது பேரில் அவர்கள் முதலில் பார்த்த ஆள் சின்னதுரை. இரண்டரை ஏக்கர் முந்திரி கொடுத்தவர். மகன் ஐடிஐ முடித்துவிட்டு ஆலை வேலைக்காக இரண்டு வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

"அந்தத் தம்பி மேல எனக்குக் கோவம் இல்லம்மா. ஆனா எங்களை எதுக்குப் பொறுக்கி எடுத்து அழிச்சாருன்னுதான் புரியல. எங்களுக்கும் அவங்க வூட்டுக்கும் ஒரு வாய்ச் சண்டைகூட கெடையாது."

"ஆலை ரிஜிஸ்டர்ல உங்க நம்பர் எப்படிப் போட்டாங்க?"

"பேரு வரிசைப்படி எழுதுனாங்க. அதெல்லாம் அப்புறம். கம்ப்யூட்டர்ல ஏத்தக் கடிதத்தைத் திருப்பிக் குடுக்கற அன்னிக்குக் காலையில ஆறு மணிக்கே போயி நின்னோம். யாரு முன்னால வந்தாங்களோ அவங்க முன்னால. வாங்குன வரிசையிலேயே கட்டி அரியலூருக்கு ஏத்த அனுப்புனாங்க."

செல்லப்பன் நிமிர்ந்தார். கண்டக்டர் கண் அது. "அறுநூறு பேரு நின்னா தள்ளுமுள்ளு ஆயிருக்குமே. டோக்கன் ஏதும் குடுத்தாங்களாய்யா?"

சின்னதுரையின் மனைவி பாப்பாத்தி உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்த ஓர் அட்டைத் துண்டை எடுத்து வந்தாள். ஆலை முத்திரை. நடுவில் மசியால் 32 என்று எழுதியிருந்தது. "கடிதம்தான் போச்சு. கையில இருக்குறது இது ஒன்னுதான்னு வச்சிருக்கேன்" என்றாள்.

அடுத்த வீட்டில் 176. அதற்கடுத்த தெருவில் 464. குளத்து மேட்டில் ஒருவரிடம் 608.

"ஒத்தைப்படையே வரமாட்டேங்குது பாத்தீங்களா மேடம்" என்றார் செல்லப்பன்.

கமலவேணி நின்றுவிட்டாள். வேப்பமரத்தடியில் நோட்டைத் திறந்து நான்கு எண்களையும் எழுதினாள். எல்லாம் இரட்டைப்படை என்றால் பாதியாக்கலாம். பாதியாக்கினாள். 16, 88, 232, 304. அதுவும் இரட்டைப்படை. மறுபடியும் பாதி. 8, 44, 116, 152. மறுபடியும். 4, 22, 58, 76. நான்காவது தடவை பாதியாக்கியபோது 2, 11, 29, 38 என்று நின்றன. நான்கு தடவை இரண்டாக வெட்டியும் ஒன்றுகூட உடையவில்லை.

"நாலு தடவை பாதி. பதினாறுண்ணே. எல்லாமே பதினாறாம் வாய்ப்பாடு."

"அப்ப நம்ம ஆளு ஆத்திரத்துல அழிக்கல."

"அழிக்கவே இல்ல. பெட்டி பதினஞ்சு பேரை ஏத்திக்கிட்டு பதினாறாவது ஆளை ஒவ்வொரு தடவையும் எறக்கி விட்டிருக்கு. அவனுக்குப் பின்னால நின்னவன் தப்பிச்சான்."

அதையும் பார்த்துவிடலாம் என்று சின்னதுரையிடம் திரும்பி வந்து கேட்டாள். அவருக்குப் பின்னால் நின்றது அவருடைய சொந்தத் தம்பி சிங்காரவேலு. டோக்கன் 33. தம்பியின் கடிதம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. ஒரே வீட்டு வாசல். யாராவது பகை வைத்து அண்ணனை அழித்து, தம்பியை விட்டிருப்பானா?

சாயங்காலத்துக்குள் மூன்று ஊர்களில் இருபத்து மூன்று வீடு ஏறி இறங்கினார்கள். இருபத்து மூன்றும் பதினாறில் வந்தன. கமலவேணி ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் எண்ணை எழுதிக்கொண்டாள். டோக்கனை வாங்கவில்லை. இருக்கிற ஒரே அத்தாட்சியையும் ஒருத்தி வந்து வாங்கிக்கொண்டு போனால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தாள்.

*

மறுநாள் காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் சாமிதுரை சுடர் டேட்டா சென்டருக்கு வந்தார். கமலவேணிக்குப் பழைய பழக்கம். நல்ல மனுஷன், கேட்டால் காது கொடுப்பார் என்று நம்பித்தான் கூப்பிட்டிருந்தாள்.

"ஒரு மணி நேரம்தாம்மா. காட்டுங்க."

பூங்குழலி காட்டினாள். அறுநூற்று நாற்பது வெற்றுக் கடிதங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு டோக்கன் எண். அதே சாஃப்ட்வேர். கீழே அரவிந்தன் எழுதிய பொய் டிஸ்க். எல்லை பதினைந்து என்று தட்டினாள். ஏற்றினாள். திரை, எல்லாம் ஏறிவிட்டது என்று சொன்னது. பிறகு திரும்ப எடுத்தாள். அறுநூறு வந்தது. வராதவற்றின் பட்டியல் திரையில் இறங்கியது. 16, 32, 48, 64...

கமலவேணி தன் நோட்டை இன்ஸ்பெக்டர் பக்கம் தள்ளினாள். அவர் விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். இருபத்து மூன்றும் ஒத்துப்போயின. எல்லையைப் பதினாறு என்று மாற்றிப் பூங்குழலி மறுபடியும் ஏற்றிக் காட்டினாள். ஒன்றுகூடக் குறையவில்லை.

சாமிதுரை தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "அருமையா இருக்கு" என்றார் மனசாரவே.

செல்லப்பன் கமலவேணியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"இந்தப் பொய் டிஸ்க்கை எழுதுனது யாரு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அரவிந்தன் சார்" என்றாள் பூங்குழலி.

"எப்ப?"

"போன வருஷம் ஆடியில."

"கடிதம் ஏத்துனது?"

"ஆவணியில."

அவர் எங்கே போகிறார் என்று கமலவேணிக்குப் புரிந்துவிட்டது. பதினெட்டு வருஷம் அதே பாதையில் நடந்தவள் அவள்.

"இவ்வளவு நாளா எனக்கு ஒரு குறை இருந்துதும்மா" என்றார் சாமிதுரை. "கோவம் இருந்தது, சரி. வாய்ப்பும் இருந்தது. ஆனா எப்படி அழிச்சான்? கம்ப்யூட்டர்ல அழிச்ச தடமே இல்லைன்னு எக்ஸ்பர்ட் எழுதிக் குடுத்துட்டாரு. கோர்ட்டுல என்ன சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப நீங்களே காட்டிட்டீங்க. பதினாறாவதை முழுங்குற புரோகிராம். சத்தம் போடாம, தடம் இல்லாம. ஆடியில ஒத்திகை, ஆவணியில வேலை."

"சார், அது டெஸ்ட் பண்றதுக்கு எழுதுனது! அந்தப் பழைய பெட்டியோட குணமும் அதுதான். அதைத்தான் இது நடிச்சுக் காட்டுது."

"அந்தப் பெட்டி எங்க?"

கமலவேணி சென்னைக் கடைக்காரர் சொன்னதைச் சொன்னாள்.

"பதினஞ்சு எல்லை வச்ச பெட்டி ஒன்னு இருந்துதுன்னு காட்ட ஏதாவது இருக்கா?"

பூங்குழலி, உதவி செய்கிறோம் என்று நினைத்து, ஈமெயில் தாளை நீட்டினாள். "அவரு முன்னாடியே எச்சரிச்சாரு சார். இதோ பாருங்க."

இன்ஸ்பெக்டர் படித்தார். இரண்டு வரிதானே. "உலகத்துல அப்படி ஒரு டிஸ்க்கே கெடையாதுன்னு சாஃப்ட்வேர் செஞ்சவனே எழுதியிருக்கான். அப்ப அந்த ஒரே டிஸ்க்கு, இந்தப் பையன் செஞ்சதுதான்." தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கூட வந்த ஏட்டிடம் கம்ப்யூட்டரைக் கட்டி எடுக்கச் சொன்னார்.

கமலவேணி தன் குரலைத் தானே கேட்டாள். அது கெஞ்சியது. "சார், யாரை அழிக்கணும்னு பாத்து அழிக்கிறவன் வரிசையில நின்ன நம்பரைப் பாத்தா அழிப்பான்? அண்ணன் போயிட்டான், பின்னால நின்ன தம்பி இருக்கான். ஆத்திரம் இப்படியா வேலை செய்யும்?"

சாமிதுரை யோசித்தார். யோசித்தார் என்பதுதான் கமலவேணிக்கு அன்றைக்கு மிஞ்சிய ஒரே ஆறுதல்.

"நியாயமான கேள்வி. ஆனா இது உங்க நோட்டு. இதை நான் கோர்ட்டுல வைக்க முடியாது. போலீஸ்ல இருந்தவங்க, டோக்கனை வாங்காம நம்பரை மட்டும் எழுதிக்கிட்டு வந்திருக்கீங்களே?" அவர் குரலில் குத்தல் இல்லை. அதனாலேயே அதிகமாக வலித்தது. "டோக்கனைக் கொண்டாங்க. ஆளுங்க கையெழுத்தும் வேணும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். அதுக்கு மேல சார்ஜ் ஷீட் போயிடும்."

வெளியே வந்ததும் செல்லப்பன் சொன்னார்: "சாவி செஞ்சவன்தான் பூட்டை ஒடைச்சான்னு சொல்ற மாதிரி இருக்கு மேடம். நம்மகிட்ட சாவியையும் வாங்கிக்கிட்டாரு."

*

மறுநாள் முதல் பஸ்ஸில் கல்லேரிப்பட்டி போனார்கள். சின்னதுரை வாசலில்தான் இருந்தார். அவர்களைப் பார்த்ததும் எழுந்தார். வாங்க என்று வாய் சொன்னது, கண் வேறு எங்கோ பார்த்தது.

"நேத்து சாயங்காலம் ஆலையிலேருந்து அதிகாரி வந்திருந்தாரும்மா."

"என்ன சொன்னாரு?"

"கடிதத்தை அழிச்சவன் யாருன்னு கோர்ட்டு தீர்ப்பு சொல்லிடுச்சுன்னா, எங்க நாப்பது பேருக்கும் புதுக் கடிதம் போடுறோம்னாரு. ஆனா மிஷின் தானா முழுங்கிடுச்சுன்னு ஆச்சுன்னா ஆலை பொறுப்பு எடுத்துக்காதாம். அப்ப யாருக்குக் கடிதம் இருந்துது, யாருக்கு இல்லைன்னு அவங்களுக்கே தெரியாதுல்லன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? பத்திரமா வைக்கிறோம்னு டோக்கனைக் கேட்டாரு. குடுத்துட்டோம்."

"எல்லாருமா?"

"மூணு ஊர்லயும் வாங்கிட்டாங்க."

கமலவேணி நோட்டையும் பேனாவையும் எடுத்தாள். பிறகு, "கையெழுத்தாவது போடுவீங்களா? உங்க டோக்கன் நம்பர் முப்பத்திரண்டுன்னு. உங்க தம்பி பின்னால நின்னாருன்னு. அது நெஜம்தானே?" என்று கேட்டாள்.

சின்னதுரை கும்பிட்டார். அவளைவிடப் பதினைந்து வயது பெரியவர் அப்படிக் கும்பிட்டது அவளுக்குத் தாங்கவில்லை.

"அந்தத் தம்பி செய்யலைன்னு எனக்குத் தெரியுதும்மா. நீங்க சொன்ன அன்னிக்கே மனசுக்குப் பட்டுடுச்சு. ஆனா அவரு செய்யலைன்னா, நான் யார்கிட்ட போயிக் கேப்பேன்? மிஷின்கிட்டயா? காட்டையும் குடுத்துட்டேன், கடிதத்தையும் குடுத்துட்டேன். எம் பையன் மூஞ்சிய வூட்டுல தினம் பாக்குறேன்."

"கேஸ் முடிய எத்தனை வருஷம் ஆகும்னு அந்த அதிகாரிகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

பாப்பாத்தி இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்து நீட்டினாள். அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குடிக்காமல் போனால் கோபம் என்று ஆகிவிடும். கமலவேணி வாங்கிக் குடித்தாள். இன்னும் ஐந்து வீட்டில் கேட்டார்கள். ஐந்திலும் அதே பதில். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை, உள்ளே ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

*

பன்னிரண்டு மணிக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கமலவேணி இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்மா" என்றார். சார்ஜ் ஷீட்டை இனி நிறுத்தி வைக்க முடியாது என்றும் சொன்னார்.

புவனேஸ்வரி திருச்சி பஸ் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கும் மனு போட்டிருந்தாள். கையில் ஒரு ஒயர் கூடை. ஒரு லுங்கி, இரண்டு சட்டை, வறுத்த முந்திரி ஒரு பொட்டலம். கமலவேணியைத் தூரத்தில் பார்த்ததுமே முகம் மலர்ந்து நாலு எட்டு முன்னால் வந்தாள். பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள்.

கமலவேணி மறைக்கவில்லை. பொய் டிஸ்க், பதினைந்து, டோக்கன், இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்வி, சின்னதுரை கும்பிட்டது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கடைசியில், "அவனைக் காப்பாத்தும்னு நான் எடுத்துட்டுப் போனதே அவனுக்கு எதிராப் போயிடுச்சு புவனா. நான் போகாம இருந்திருந்தா அவங்க கையில ஒன்னும் இருந்திருக்காது" என்றாள்.

புவனேஸ்வரி அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டாள்.

"அவரு செய்யலைன்னு உங்களுக்குத் தெரியுமில்லக்கா?"

"தெரியும்."

"நம்பிக்கையா இல்ல. தெரியும்."

"கணக்குப் போட்டுத் தெரியும்."

"எனக்குக் கணக்கு தெரியாது. மூணு வாரமா மனசுக்குத்தான் தெரிஞ்சுது. ராத்திரியானா அதுவும் ஆடும்." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "இன்னிக்கு அவருகிட்டப் போயி, நெஜமாத் தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு சொல்லலாமில்ல?"

"சொல்லு" என்றார் செல்லப்பன். "என்னையும் சேத்துக்க. பூங்குழலிப் பொண்ணும் இருக்கு. உன்னோட சேத்து நாலு பேருன்னு சொல்லு."

திருச்சி பஸ் வந்தது. கூட்டம் முண்டியது. செல்லப்பன் முழங்கால் வலியோடு முன்படியில் ஏறி, கண்டக்டரிடம் ஏதோ பேசி, புவனேஸ்வரிக்கு ஜன்னலோரத்தில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார். பஸ் கிளம்பும்போது புவனேஸ்வரி ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"அக்கா, அந்தப் பொய் டிஸ்க்கு சரியா வேலை செஞ்சுதான்னு அவரு கேப்பாரு. அவருக்கு அதுதான் பெருசு. என்ன சொல்லட்டும்?"

கமலவேணி பஸ்ஸோடு பத்தடி ஓடினாள்.

"சரியா வேலை செஞ்சுதுன்னு சொல்லு புவனா. ஒன்னுகூடத் தப்பலைன்னு சொல்லு."